பழைய லெப்டொப்பில் எந்தச் சேர்விஸை நிறுத்தலாம், எந்த டிரைவரைக் கழற்றலாம்

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் லெப்டொப்களில் நிறைய 2020, 2021ஆம் ஆண்டுகளில் சூம் வகுப்புகளுக்காக வாங்கப்பட்டவை. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு அப்போது எட்டியது அவ்வளவுதான். 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, புதியது வாங்கும் யோசனையைப் பல வீடுகள் கைவிட்டன. இருப்பதைத்தான் ஓடவைக்க வேண்டும். ‘மனே, லெப்டொப் சரியான ஸ்லோ, ஒருக்கா போர்மட் அடிச்சுத் தா’ என்று கடைக்குக் கொண்டுபோவது ஒரு வழி. ‘இந்த நாற்பது சேர்விஸ்களை நிறுத்துங்கள், லெப்டொப் பறக்கும்’ என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்துவது இன்னொரு வழி.

அந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி வீண் வேலை. சில உருப்படிகள் உண்மையாகவே கெடுதல் செய்பவை. அதற்காக, நிறுத்த வேண்டியது எதுவுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறுத்த வேண்டியவை பெரும்பாலும் அந்தப் பட்டியல்களில் வருவதில்லை, ஏனென்றால் அவை விண்டோஸோடு வந்தவையே அல்ல. லெப்டொப் தயாரித்த நிறுவனம் ஏற்றியது, கடையில் ஏற்றியது, நாமே எப்போதோ ஏற்றிவிட்டு மறந்தது: பாரம் முக்கியமாக அங்கேதான் இருக்கிறது. அது ஏன் என்று விளங்கிக்கொண்டால் எந்தப் பட்டியலும் தேவைப்படாது.

பட்டியலில் இருப்பதெல்லாம் ஓடுவதில்லை

சேர்விஸ் என்றால் திரையில் எந்த ஜன்னலும் காட்டாமல் பின்னால் வேலை செய்யும் புரோகிராம். நீங்கள் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போவதற்கு முன்னரே அது தொடங்கிவிடலாம். டிரைவர் என்றால் ஒரு வன்பொருளுடன் பேசத் தெரிந்த மென்பொருள். அதில் பெரும்பகுதி விண்டோஸின் கேர்னல் என்கிற உட்கருவுக்குள்ளேயே ஓடும். இரண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே இடத்தில், சேர்விசஸ் என்ற கிளையின் கீழேதான் பதிவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஒரு எண் உண்டு. 0 என்றால் கணினி எழும் முதல் கணத்திலேயே ஏற வேண்டிய டிரைவர், ஹார்ட் டிஸ்க்கைப் படிப்பது போன்ற வேலைக்கு. 1 அதற்கு அடுத்த கட்டம். 2 தானாகத் தொடங்குவது. 3 தேவைப்பட்டால் மட்டும் தொடங்குவது. 4 முற்றாக நிறுத்தப்பட்டது.

சேர்விசஸ் ஜன்னலைத் திறந்தால் 200க்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கும். பார்த்தவுடன் பயம் வருவது இயல்பு. ஆனால் ‘ஸ்டேட்டஸ்’ என்ற பத்தியைக் கவனியுங்கள். ‘ரன்னிங்’ என்று எழுதப்படாதவை வெறும் பெயர்கள்தான். அவை ரேமில் ஒரு துளி இடத்தையும் பிடிப்பதில்லை, புரொசசரிடம் ஒரு கணமும் வாங்குவதில்லை. விண்டோஸ் 7 வந்த 2009 முதல் ‘டிரிகர்’ என்றொரு முறையும் சேர்ந்தது. ஒரு புளூடூத் கருவி இணைக்கப்பட்டால், ஒரு நெட்வேர்க் கிடைத்தால், அதற்குரிய சேர்விஸ் எழும்பும். வேலை முடிந்தால் பலது தானே படுத்துவிடும்.

பட்டியல்களில் முதலில் வரும் பெயர்களை இதை வைத்துப் பாருங்கள். ஃபக்ஸ், எக்ஸ்பொக்ஸ் சேர்விஸ்கள், ஸ்மார்ட் கார்ட், கடைகளில் காட்சிக்கு வைப்பதற்கான ரீட்டெயில் டெமோ. இவை சாதாரணமாக 3ஆம் நிலையில் இருப்பவை. கூப்பிடுபவர் இல்லாவிட்டால் எழும்பவே மாட்டா. 4 ஆக மாற்றினாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. ஃபக்ஸை நிறுத்திவிட்டு வேகம் கூடிவிட்டதாக ஒருவர் உணர்ந்தால், அதற்குள் அவர் லெப்டொப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திருப்பார். வேகம் அதிலிருந்து வந்திருக்கும்.

டாஸ்க் மனேஜரில் ‘சேர்விஸ் ஹோஸ்ட்’ என்ற பெயர் டசின் கணக்கில் நிற்பதைக் கண்டு வைரஸோ என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு பல சேர்விஸ்கள் ஒரே ஹோஸ்டுக்குள் கூட்டாக ஓடின. ஒன்று விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தது. எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் அந்தப் பிரிப்புதான். எது பழுதாகிறது, எது ரேமைத் தின்கிறது என்று தனியாகப் பார்க்க முடிவது நமக்கு நல்லதே.

டிரைவர்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். விண்டோஸ் தன் டிரைவர்க் களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கானவற்றை வைத்திருக்கும். ஆனால் ஒரு கருவி இணைக்கப்பட்டு, அதன் அடையாள எண் ஒரு டிரைவருடன் பொருந்தினால்தான் அந்த டிரைவர் நினைவகத்தில் ஏறும். டிவைஸ் மனேஜரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் மறைந்த கருவிகளைக் காட்டச் சொன்னால் மங்கிய நிறத்தில் நிறைய வரும்: எப்போதோ செருகிய பென் டிரைவ்கள், நண்பரின் போன், ஒரே பிரிண்டரை மூன்று வெவ்வேறு யூஎஸ்பி வாயில்களில் செருகியதால் வந்த மூன்று பதிவுகள். மங்கியவை எல்லாம் தற்போது இணைக்கப்படாதவை. அவற்றை அழிப்பதால் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் கிடைக்கலாம், வேகம் கிடைக்காது. பிரிண்டர் பெயரின் பின்னால் ‘கொப்பி 1’ என்று ஒட்டிக்கொண்டு, அச்சிடும்போது தவறான பிரிண்டருக்கு வேலை போகிறதென்றால் அழிக்கலாம். அது ஒழுங்குக்காகச் செய்வது.

வெளியிலிருந்து வந்து குடியேறியவை

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிலை 1இலோ 2இலோ தன்னைத் தானே பதிந்துகொண்டு ஒவ்வொரு முறையும் எழும்பும் டிரைவர்களும் சேர்விஸ்களும் இருக்கின்றன. நமது பகுதியில் இதற்கு முதல் உதாரணம் டொங்கிள். பைபர் இணைப்பு வராத காலத்தில், இன்றும் வராத ஊர்களில், யூஎஸ்பி டொங்கிள்தான் இணையம். செங்கலடியில் இருந்தாலும் திருக்கோவிலில் இருந்தாலும் டயலொக், மொபிடல், ஹட்ச், ஏர்டெல் என்று எந்தச் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அந்த டொங்கிளை வாங்குவார்கள். செருகியவுடன் அது ஒரு சிடி டிரைவ் போலத் தோன்றி, தன் உள்ளிருந்தே ஒரு புரோகிராமை ஏற்றும். அந்தப் புரோகிராமுடன் மோடம் டிரைவர்களும், டொங்கிள் செருகப்படுகிறதா என்று எந்நேரமும் காத்திருக்கும் ஒரு சேர்விஸும், புதுப் பதிப்பு வந்ததா என்று தேடும் இன்னொன்றும் வந்து சேரும். நிறுவனம் மாறி இரண்டாவது டொங்கிள் வாங்கினால் இன்னொரு தொகுதி. ஏர்டெல் லங்கா 2024இல் டயலொக்குடன் இணைந்தே விட்டது, ஆனால் அந்தப் பெயரில் ஏறிய சேர்விஸ் சில லெப்டொப்களில் இன்னும் காலையில் எழும்பி, மேசை லாச்சியில் கிடக்கும் டொங்கிளைத் தேடிக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்ட்ரோல் பனலில் புரோகிராம் பட்டியலிலிருந்தே முறையாக அகற்றலாம். தயங்கத் தேவையில்லை. ஐபோனை இணைக்க ஐடியூன்ஸ் போட்டவர்களிடம் அப்பிள் மொபைல் டிவைஸ் சேர்விஸும் பொஞ்சூரும் இதே மாதிரி மிஞ்சியிருக்கும்.

டொங்கிளைவிடப் பெரிய பாரம் அண்டிவைரஸ். புதிய லெப்டொப்பில் சில மாத இலவசப் பதிப்பு ஒன்று ஏற்றப்பட்டே வரும். காலம் முடிந்ததும் அது பாதுகாக்காது, ஆனால் போகவும் போகாது. ‘புதுப்பியுங்கள்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் கடையில் இன்னொன்று போடுவார்கள். அண்டிவைரஸ் ஒவ்வொன்றும் ‘ஃபில்டர் டிரைவர்’ என்ற வகையை ஏற்றுகிறது. நீங்கள் திறக்கும், சேமிக்கும் எந்தக் கோப்பும் முதலில் அதன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு ஃபில்டர்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்தால், ஒரு வேர்ட் கோப்பைத் திறப்பதற்கே பொறுமை வேண்டும். சாதாரணமாக அன்இன்ஸ்டோல் செய்த பிறகும் இந்த டிரைவர்கள் மிஞ்சுவது உண்டு. அதனால்தான் பெரிய அண்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் பொருளை முழுமையாக நீக்குவதற்கென்றே தனிக் கருவியை இலவசமாகத் தருகின்றன. அதைப் பயன்படுத்துங்கள். மற்றது போனதும் விண்டோஸோடு வந்த டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும். 4 ஜிபி லெப்டொப் ஒன்றுக்கு அது போதும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது வகை, தயாரிப்பு நிறுவனத்தின் உதவிப் புரோகிராம்கள். ஒலிக்கு ஒன்று, பட்டரிக்கு ஒன்று, வாரன்டிக்கு ஒன்று, அவற்றையெல்லாம் புதுப்பிக்க ஒன்று. டிரைவர் வேண்டியதுதான், அதோடு ஒட்டிவரும் துணைப் புரோகிராம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. 2017 மே மாதத்தில் வெளிவந்த ஒரு விடயம் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று காட்டியது. எச்பி லெப்டொப்கள் சிலவற்றில் கொனெக்சண்ட் ஒலி டிரைவருடன் வந்த ஒரு சிறிய புரோகிராம், மைக் பொத்தான் அழுத்தப்படுகிறதா என்று பார்ப்பதற்காக விசைப்பலகையில் தட்டப்படும் எல்லாவற்றையும் கவனித்து, அதை ஒரு கோப்பில் எழுதியும் வைத்தது. பாஸ்வேர்டும் அதில் அடக்கம். திருடும் நோக்கம் அங்கே இல்லை, சோதனைக்காக எழுதிய நிரல் நீக்கப்படாமல் வந்துவிட்டது. எச்பி பின்னர் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அதுவரை அந்தக் கோப்பு, கணினியைப் பாவிக்கும் எவரும் திறக்கக்கூடிய பொதுப் போல்டரில் கிடந்தது.

நான்காவது வகையைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசுவது குறைவு. போர்மட் அடித்த பிறகு விண்டோஸை உரிமம் இல்லாமல் இயக்க சில கடைகளில் போடும் ‘அக்டிவேட்டர்’. அது ஒரு சேர்விஸாகவோ, குறித்த நேரத்தில் ஓடும் பணியாகவோ உள்ளே தங்கிவிடும். சேர்விஸ்களில் பல ‘லோக்கல் சிஸ்டம்’ என்ற கணக்கில் ஓடுகின்றன. அந்தக் கணக்குக்கு உங்கள் அட்மின் கணக்கையும் மிஞ்சிய அதிகாரம் உண்டு. யார் எழுதியதென்று தெரியாத ஒன்றுக்கு அந்த அதிகாரம் கொடுத்துவிட்டு, ஃபக்ஸ் சேர்விஸை நிறுத்துவதில் என்ன பயன்? இதில் கவலைக்குரிய விடயம், பலருக்கு அக்டிவேட்டர் தேவையே இல்லை என்பது. விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸோடு விற்கப்பட்ட லெப்டொப்களில் அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. அதே பதிப்பை, அதாவது ஹோம் உடன் வந்திருந்தால் ஹோமையே, மீண்டும் ஏற்றினால் இணையத்தில் இணைந்ததும் தானாக அக்டிவேட் ஆகிவிடும். கடையில் புரோ பதிப்பைப் போடுவதால்தான் சாவி பொருந்தாமல் போகிறது. அடுத்த முறை கொடுக்கும்போது ‘வந்த பதிப்பையே போடுங்கள்’ என்று கேளுங்கள்.

எல்லா லெப்டொப்புக்கும் பொருந்தும் என்று சொல்லி ஏற்றப்படும் ‘டிரைவர் பேக்’கும் இதே பிரச்சினைதான். டேட்டா செலவில்லாமல் பென் டிரைவில் இருந்து எல்லா டிரைவரையும் ஒரேயடியாகப் போட முடிவதால் கடைக்காரருக்கு அது வசதி. ஆனால் பொருந்தாத பதிப்புகளும், கேட்காத புரோகிராம்களும் சேர்ந்து வரும். விண்டோஸ் அப்டேட் தானே பெரும்பாலான டிரைவர்களைக் கொண்டுவரும். மிச்சத்தை லெப்டொப்பின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுக்கலாம்.

டேட்டா போகும் வழி

நமது ஊர்களில் சேர்விஸ் நிறுத்தும் பழக்கம் வேகத்துக்காக மட்டும் வந்ததல்ல. டேட்டாவுக்காகவும் வந்தது. போனின் ஹொட்ஸ்பொட்டில் லெப்டொப்பை இணைத்து ஒரு அசைன்மன்டை அனுப்பிவிட்டுப் பார்த்தால், கார்ட்டில் மிச்சம் இருந்த ஜிபி எல்லாம் போயிருக்கும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். காரணம் விண்டோஸ் அப்டேட் என்று தெரிந்ததும் அந்தச் சேர்விஸை ‘டிஸேபிள்’ செய்கிறார்கள். சில நாட்களில் அது தானே திரும்ப எழும்பும். நிறுத்தப்பட்ட அப்டேட்டை மீண்டும் சீராக்குவதற்கென்றே விண்டோஸ் 10இல் ‘மெடிக்’ என்ற இன்னொரு சேர்விஸ் இருக்கிறது. அதையும் நிறுத்த வேறு கருவிகளைத் தேடிப் போய், கடைசியில் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் இல்லாத லெப்டொப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள்.

இதற்குச் சரியான இடம் செட்டிங்ஸில் இருக்கிறது. நெட்வேர்க் பகுதியில், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் திறந்தால் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்ற பொத்தான் வரும். அதைப் போட்டுவிட்டால், மிக அவசரமானவை தவிர்ந்த அப்டேட்கள் அந்த இணைப்பில் இறங்கமாட்டா. செல்லுலார் என்று அடையாளம் காணும் டொங்கிள், சிம் இணைப்புகளை விண்டோஸ் தானாகவே மீட்டர்ட் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் போனின் ஹொட்ஸ்பொட் லெப்டொப்பின் கண்ணுக்கு வெறும் வைஃபை. நாம் சொன்னால்தான் அது டேட்டா பார்த்துச் செலவழிக்கும். இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. உங்கள் போனுக்குப் போட்டது அண்ணனின் போனுக்குப் பொருந்தாது. நைட் டேட்டா உள்ள பக்கேஜ் என்றால், வாரத்தில் ஒரு இரவு மட்டும் பொத்தானை எடுத்துவிட்டு அப்டேட்டை ஓடவிட்டுத் தூங்கலாம்.

பக்கத்திலேயே இன்னொன்றையும் பாருங்கள்: டெலிவரி ஒப்டிமைசேஷன். உங்கள் லெப்டொப்பில் இறங்கிய அப்டேட் துண்டுகளை மற்றக் கணினிகளுக்கும் அனுப்பும் ஏற்பாடு இது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் நல்ல வசதி, ஒன்றுக்கு இறங்கியது மற்றதுக்கும் போகும். இணையத்தில் உள்ள முகம் தெரியாத கணினிகளுக்கும் அனுப்பும்படி அது அமைந்திருந்தால், மேலே போகும் டேட்டாவும் உங்கள் கணக்கில்தான் கழியும். உள்ளூர் நெட்வேர்க்குக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். சேர்விஸையே கொல்லத் தேவையில்லை.

ஹார்ட் டிஸ்க் எப்போதும் 100 வீதத்தில் நிற்கிறது என்ற முறைப்பாட்டுக்கு வருவோம். இதில் விண்டோஸின் சொந்தச் சேர்விஸ்கள் இரண்டுக்கு உண்மையாகவே பங்கு உண்டு. ஒன்று சிஸ்மெயின், விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கப் பார்க்கும். மற்றது விண்டோஸ் சேர்ச். கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படித்து அட்டவணை போடும். ரேம் குறைந்த, சுழலும் டிஸ்க் உள்ள லெப்டொப்பில் சிஸ்மெயினை ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பது தவறில்லை. சிலவற்றில் ஆறுதல் தெரியும், சிலவற்றில் புரோகிராம்கள் திறக்க இன்னும் தாமதமாகும், அப்படியானால் திரும்பப் போட்டுவிடலாம். சேர்ச்சை நிறுத்துவதைவிட, அட்டவணை போடும் போல்டர்களைக் குறைப்பது நல்லது. கல்யாண வீட்டு வீடியோக்கள் கிடக்கும் டி டிரைவை அது துழாவத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தாலும், சுழலும் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதில் கிடைக்கும் வித்தியாசத்தில் ஒரு சிறு பங்குகூட இதில் கிடைக்காது. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி தகட்டின் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ப் படிக்கப் பத்து மில்லிசெக்கன் அளவில் எடுக்கும், எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை எஸ்எஸ்டிக்கும் இன்னொரு 4 ஜிபி ரேமுக்கும் கொடுங்கள். லெப்டொப்பின் ஆயுள் கூடும்.

தொட்டால் சிக்கல் தருபவை

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை. ‘டச் கீபோர்ட் அண்ட் ஹாண்ட்ரைட்டிங் பனல்’ என்றொரு சேர்விஸ் விண்டோஸ் 10இல் இருக்கிறது. ‘என் லெப்டொப்பில் தொடுதிரை இல்லையே’ என்று பலர் அதை நிறுத்துகிறார்கள், பட்டியல்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் தொடுதிரைக்கு மட்டும் உரியதல்ல அது; எழுத்து உள்ளீட்டின் பெரும் பகுதி அதன் வழியாக நடக்கிறது. நிறுத்தினால் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியிலும் ஸ்டோர் வழியாக வந்த புரோகிராம்களிலும் ஒரு எழுத்தும் விழாமல் போகலாம். விண்டோஸ் 11இல் அதன் பெயரை ‘டெக்ஸ்ட் இன்புட் மனேஜ்மன்ட்’ என்று மாற்றியிருக்கிறார்கள். அதேபோல, பாமினி விசைமுறையில் யூனிகோட் எழுதுவதற்குக் கீமேன், என்எச்எம் ரைட்டர் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட்அப் பட்டியலைச் சுத்தம் செய்யும்போது அவற்றை விட்டுவிட வேண்டும். அவை எடுக்கும் இடம் மிகச் சிறிது.

அடுத்தது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், பகல் இரண்டு மணிக்கு, ஓடு சூடாகி நிற்கும் வீட்டில் லெப்டொப் எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இன்டெல் லெப்டொப்கள் பலவற்றில் ‘டைனமிக் பிளட்ஃபோர்ம் அண்ட் தெர்மல் ஃபிரேம்வேர்க்’ அல்லது ‘டைனமிக் டியூனிங்’ என்ற பெயரில் சில டிரைவர்கள் இருக்கும். எந்த அளவு சூட்டில் வேகத்தைக் குறைப்பது, எப்போது கூட்டுவது என்பதை லெப்டொப்பின் வடிவத்துக்கேற்ப நிர்வகிப்பவை அவை. பெயர் விளங்கவில்லை என்று கழற்றினால், அந்த ஒழுங்கு குலைந்து லெப்டொப் தேவையில்லாமல் மந்தமாகலாம், அல்லது கூடச் சூடாகலாம்.

தனி என்விடியா கார்ட் உள்ள லெப்டொப்பில், அதன் டிரைவரை எடுத்துவிட்டால் பட்டரி மிச்சமாகும் என்று நினைப்பதும் இயல்பு. பல மாடல்களில் நடப்பது எதிர்மாறு. கார்ட்டைத் தூங்கவைப்பதே அந்த டிரைவர்தான். அது போனால் கார்ட் விழித்தபடியே மின்சாரம் குடிக்கும். டச்பேட் டிரைவர், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களுக்கான சேர்விஸ் ஆகியவையும் சிறியவை, ஆனால் இல்லாமல் போனால் அன்றாடம் தொல்லை. டிஸ்க்கோடு பேசும் இன்டெல் ரபிட் ஸ்டோரேஜ் டிரைவரைத் தொடவே வேண்டாம். பயோஸில் டிஸ்க் அந்த முறையில் அமைந்திருந்தால், அடுத்த முறை விண்டோஸ் எழும்பாமல் நீலத் திரை வரும்.

டிரைவர் விடயத்தில் இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதற்கு 2024 ஜூலை 19 நல்ல சாட்சி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், பிழையான ஒரு தரவுக் கோப்பைப் படித்ததில் உலகம் முழுவதும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள் முடங்கின. சாதாரணப் புரோகிராம் விழுந்தால் அது மட்டும் மூடும். கேர்னலுக்குள் ஓடுவது விழுந்தால் முழு இயந்திரமும் விழும். தேவையற்ற டிரைவரைக் கழற்றுவதற்கும் இதுவே காரணம், தேவையானதைத் தொடாமல் விடுவதற்கும் இதுவே காரணம்.

பாதுகாப்புக்காக நிறுத்தப்பட வேண்டியவையும் உண்டு. அச்சு வேலைகளைக் கையாளும் பிரிண்ட் ஸ்பூலர் சேர்விஸ் 2021 ஜூலையில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற ஓட்டையால் பெயர் கெட்டது. அந்த நேரம் மைக்ரோசொப்ட்டே அதை நிறுத்திவைக்கலாம் என்று சொன்னது. திருத்தம் வந்துவிட்டது. பிரிண்டரே இல்லாத வீட்டில் நிறுத்தலாம், ஆனால் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வசதியும் சேர்ந்து போய்விடும். அசைன்மன்டைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் மாணவருக்கு அது சரிவராது. பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி 1 வேறு விடயம். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னகிரை பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 முதல் அது தானாக ஏறுவதில்லை. ஆனால் கொமியூனிகேஷன் கடைகளிலும் அலுவலகங்களிலும் பழைய போட்டோக்கொப்பி இயந்திரத்திலிருந்து ஸ்கேன் வாங்குவதற்காக யாரோ திரும்பப் போட்டிருப்பார்கள். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் பார்த்து எடுத்துவிடுங்கள்.

செய்யும் முறை

முதலில் அளவு எடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் மைக்ரோசொப்ட், விண்டோஸ் என்று உள்ளே போனால் ‘டயக்னோஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ்’ என்ற பதிவேடு இருக்கிறது. 100 என்ற எண்ணுள்ள பதிவு, கணினி எழும்ப எடுத்த நேரத்தை மில்லிசெக்கனில் சொல்லும். 101 தாமதித்த புரோகிராமையும், 102 தாமதித்த டிரைவரையும், 103 தாமதித்த சேர்விஸையும் பெயரோடு காட்டும். ஊகம் எதுவும் தேவையில்லை. உங்கள் லெப்டொப்பே தன் குற்றவாளியை எழுதிவைத்திருக்கிறது, ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பிறகு, கணினி எழும்பும்போது எவை ஓட வேண்டும் என்று அமைக்கும் விண்டோஸ் கருவியான எம்எஸ்கொன்ஃபிக்கைத் திறந்து, சேர்விசஸ் பகுதியில் ‘மைக்ரோசொப்ட் சேர்விஸ்களை மறை’ என்ற பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். அந்த நீண்ட பட்டியல் சுருங்கி, வெளியிலிருந்து வந்தவை மட்டும் நிற்கும். இந்தச் சிறிய பட்டியல்தான் உங்கள் வேலைக்களம். பெயர் விளங்காததைத் தேடிப் பார்த்த பிறகு, ஒரு தடவையில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்துங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க மைக்ரோசொப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுதியில் ஓட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. டிரைவர்களுக்கென்று அதில் தனிப் பகுதி உண்டு. கோப்பே இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் பதிவுகளை மஞ்சளில் காட்டும். அங்கே எதையும் உடனே அழிக்காமல் சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், வேண்டுமென்றால் திரும்பப் போடலாம். ஒரு புரோகிராமின் சேர்விஸை நிறுத்துவதைவிட, அந்தப் புரோகிராமையே அன்இன்ஸ்டோல் செய்ய முடியுமென்றால் அதுவே சுத்தம்.

மாற்றம் செய்தபின் ஷட் டவுன் செய்து போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு வழக்கத்தில் இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது கேர்னலும் சேர்விஸ்களும் உண்மையில் மூடப்படுவதில்லை. அவற்றின் நிலை அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். ‘நிறுத்தினேன், ஒரு வித்தியாசமும் இல்லை’ என்று வரும் பல முறைப்பாடுகளுக்கு இது காரணம்.

விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு இதில் பாதித் தலையிடி இல்லை. டிரைவர்கள் பெரும்பாலும் கேர்னலோடு வந்து, கருவி இருந்தால் மட்டும் ஏறுகின்றன. சேர்விஸ்களை சிஸ்டம்டி நிர்வகிக்கிறது, எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒரே கட்டளையில் வரிசையாகக் காட்டும். பிரிண்டர் இல்லாவிட்டால் கப்ஸையும், டொங்கிள் இல்லாவிட்டால் மோடம் மனேஜரையும் நிறுத்தலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 ஏறாத லெப்டொப் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பையோ லுபுண்டுவையோ பென் டிரைவிலிருந்து ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

எதைத் தொடுவதற்கு முன்னரும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பொயின்ட் ஒன்று போட்டுவையுங்கள். பல லெப்டொப்களில் அந்த வசதி அணைந்தே இருக்கும், சிஸ்டம் புரொடெக்ஷனில் போய் முதலில் இயக்க வேண்டும். சேர்விஸ் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் விண்டோஸ் எழும்பாமல் நின்றால், லோகோ தெரியும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, இதைத் தொடர்ந்து இரண்டு மூன்று தடவை செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அங்கிருந்து ரெஸ்டோர் பொயின்டுக்குத் திரும்பலாம், அல்லது சேஃப் மோடில் எழுப்பி, நிறுத்தியதை மீண்டும் இயக்கலாம். சில லெப்டொப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அப்போது 48 இலக்கங்கள் கொண்ட பிட்லொக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கிறதா என்பதை வேலையைத் தொடங்குவதற்கு முன் போனில் உள்ளே போய்ப் பார்த்து, சாவியை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.